வேலையில் ஊக்கம் எப்படிப் பிறக்கும்?

"தோட்டங்களில் வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை, கிடைக்கும் ஆட்களுக்கும் வேலையில் ஊக்கம் இல்லை." தோட்ட நிர்வாகங்கள் ஓயாது பாடிவரும் பல்லவி இது. இந்நோய்க்கு அவை தரும் மருந்தையும் நாம் அறிவோம். ஆண்டுக்கொரு முறை சிறந்த பால்வெட்டுத் தொழிலாளிக்கு ஒரு நற்சான்றிதழும் ஒரு கைக்கடிகாரமும் வழங்கப்படும். பெரட்டுக் களத்தில் வண்ண எழுத்தில் நல்வாசக அட்டைகள் தொங்கும். நகரத்து ஹோட்டலில் ஒருநாள் பயிற்சி பெற்றுவந்த உதவி நிர்வாகி, ஆட்களை எவ்வாறு உற்சாகப்படுத்துவது என்று மண்டோர்களுக்கு அரைமணி நேரம் உபதேசம் செய்வார். மறுநாள் காலையில் எல்லாம் பழையபடியே நடக்கும்.

பரிசு கூடாதென்று நாம் சொல்லவில்லை. நம் தோழர் ஒருவர் மேடையேறிப் பரிசு வாங்கும்போது நாமும்தான் கைதட்டுகிறோம். ஆயினும் இந்த மருந்து நோயைத் தீர்க்கவில்லை என்பது கண்கூடு. ஆகவே, மனிதனுக்கு வேலையில் ஊக்கமும் மனநிறைவும் எங்கிருந்து வருகின்றன, அவற்றைக் கெடுப்பவை யாவை என்பதை நிர்வாகத்தாரும் நாமும் சற்று நிதானமாக ஆராய்வது நலம்.

முதலில் ஒன்றைக் கேட்கிறோம். விடியுமுன் நான்கு மணிக்கு எழுந்து, உலை வைத்துப் பிள்ளைகளுக்குச் சோறாக்கி மூடிவைத்து, இருட்டில் பெரட்டுக்கு வந்து நின்று, நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் ஐந்நூறு மரங்களைச் சீவிமுடிக்கும் ஒரு தாயைப் பார்த்து ஊக்கமில்லாதவள் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ஊக்கம் அவளிடம் இருக்கிறது. அதோடுதான் அவள் காட்டுக்கு வருகிறாள். அதை மாலைக்குள் கரைத்துவிடுவது எது? ஆராய வேண்டியது அதைத்தான்.

அறிஞர் சொன்னதும் சொல்லாததும்

கூலி உயர்வு பற்றி நாம் பேசத் தொடங்கியதும் சில நிர்வாகிகள் மேல்நாட்டு அறிஞரைத் துணைக்கு அழைக்கிறார்கள். "பணத்தால் மட்டும் ஊக்கம் வராது, ஆராய்ச்சி அப்படித்தான் சொல்லுகிறது" என்கிறார்கள். அந்த ஆராய்ச்சி உண்மையில் என்ன சொன்னது என்பதை நம் உறுப்பினர்கள் தெரிந்துகொள்வது அவசியம்.

அமெரிக்காவில் சிகாகோ நகரை அடுத்து ஹாதோர்ன் என்னும் இடத்தில் தொலைபேசிக் கருவிகள் செய்யும் பெரிய ஆலை ஒன்று இருந்தது. அங்கே 1924 முதல் 1932 வரை பல சோதனைகள் நடந்தன. விளக்கொளியைக் கூட்டியபோது உற்பத்தி உயர்ந்தது. குறைத்துப் பார்த்தபோதும் உயர்ந்த சந்தர்ப்பங்கள் உண்டு. பிறகு சில இளம் பெண்களைத் தனியறையில் அமர்த்தி, இடையிடையே ஓய்வு தந்து, வேலை நேரத்தை மாற்றி மாற்றிப் பார்த்தனர். அங்கும் உற்பத்தி உயர்ந்தது. தம்மை ஒருவர் கவனிக்கிறார், தம்மிடம் கலந்து பேசுகிறார் என்ற உணர்வே இதற்குக் காரணம் என்று முடிவு கட்டினர். நிர்வாகப் பாடநூல்கள் இன்றளவும் இக்கதையைச் சொல்லுகின்றன.

அந்நூல்கள் பல அழுத்திச் சொல்லாத இரண்டு செய்திகள் உண்டு. அந்த அறைக்குள் வந்த பெண்களுக்குக் கூலி கணக்கிடும் முறையும் மாற்றப்பட்டிருந்தது. முன்பு பெரிய கூட்டத்தின் உற்பத்தியோடு சேர்ந்து போன அவர்கள் வருமானம், இப்போது அந்தச் சிறு குழுவின் உற்பத்தியைப் பொறுத்ததாயிற்று. கூடுதலாகச் செய்தால் கூடுதல் காசு தங்கள் கைக்கே வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். மற்றொன்று: அதிகமாகப் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று சொல்லி 1928-ஆம் ஆண்டில் இரு பெண்களை அவ்வறையிலிருந்து எடுத்துவிட்டு, வேறு இருவரை அமர்த்தினார்கள். கவனித்தால் ஊக்கம் வரும் என்று உலகுக்குப் போதித்த சோதனையில், வாய் திறந்தவர்களுக்கு இடமில்லாமற் போயிற்று! தோட்டத்தில் வாழும் நமக்கு இது புதிய கதையா?

பின்னர் 1959-ஆம் ஆண்டில் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்பாரும் அவருடைய துணைவர்களும் ஒரு நூல் வெளியிட்டனர். பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் ஏறக்குறைய இருநூறு பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும், வேலையில் எப்போது மிகவும் மகிழ்ந்தீர்கள், எப்போது மிகவும் மனம் கசந்தீர்கள் என்று கேட்டறிந்து எழுதிய நூல் அது. மகிழ்ச்சியைத் தந்தவை ஒருவகை: செய்து முடித்த நிறைவு, அதைப் பிறர் மதித்தல், வேலையின் தன்மை, பொறுப்பு, முன்னேற்றம். கசப்பைத் தந்தவை வேறுவகை: நிர்வாகத்தின் போக்கு, மேற்பார்வை செய்வோரின் நடத்தை, சம்பளம், வேலைச் சூழ்நிலை. கசப்பைத் தருவனவற்றை நீக்கினால் கசப்பு போகும். மகிழ்ச்சி பிறக்க அதற்கு மேலும் சில வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு.

நிர்வாகத்தார் இதன் பிற்பகுதியை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். முற்பகுதியை அவர்கள் முன்வைக்க வேண்டியது நம் கடமை. அவர் கேட்டறிந்தவர்கள் மாதச் சம்பளம் பெற்ற பொறியாளர்களும் கணக்காளர்களும். மழை பெய்தால் அவர்கள் சம்பளம் நின்றுவிடாது. வெயிலில் மரம் இலையுதிர்த்தால் அவர்கள் சம்பளம் குறையாது. வயிற்றுப்பாடு ஓரளவு தீர்ந்தவர்களைக் கேட்டால், பணத்துக்கு மேல் உள்ளவற்றைப் பற்றிப் பேசத்தான் செய்வார்கள். அந்தப் பதிலை எடுத்துவந்து பால்காட்டில் நிற்பவரிடம் காட்டி, "உனக்குப் பணம் முக்கியமல்ல" என்று சொல்வது நியாயமாகாது.

கூலி என்னும் அடித்தளம்

பால்வெட்டுத் தொழிலாளியின் வருமானம் மூவர் கையில் இருக்கிறது: வானம், மரம், உலகச் சந்தை. இரவில் மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் மங்கில் விழாமல் பட்டையெங்கும் வழிந்தோடிவிடும். இலையுதிர் காலத்தில் பால் சுண்டிப்போகும். ரப்பர் விலை சரிந்தால் விலைக்கேற்ற கொடுப்பனவும் சரியும். இம்மூன்றில் எதையும் தொழிலாளி உண்டாக்கவில்லை. ஆனால் மூன்றின் சுமையும் அவர் தலையில்தான் ஏறுகிறது.

குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்ததனால் இந்நிலை ஓரளவு மாறியிருக்கிறது. தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி என 2013-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அச்சம்பளம், 2022-ஆம் ஆண்டு மே மாதம் முதல் 1,500 வெள்ளியாகவும், 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் முதல் 1,700 வெள்ளியாகவும் உயர்ந்தது. ஐந்து பேருக்கும் குறைவான ஆட்களை வைத்திருக்கும் முதலாளிகளுக்கு மட்டும் அதே ஆண்டு ஆகஸ்ட் வரை தவணை தரப்பட்டது. நாள்கூலி, எடைக்கூலி என்று எப்பெயரில் கூலி கொடுத்தாலும் இந்த மாத அளவுக்குக் குறையக் கூடாது என்பதை உறுப்பினர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

இந்த அடித்தளத்தின் மேல்தான் ஊக்கம் என்னும் வீட்டைக் கட்ட முடியும். அரிசிக்கடைக் கடனை எண்ணிக்கொண்டு மரத்தடியில் நிற்பவருக்கு நல்வாசக அட்டை எதற்கு? அடித்தளம் இல்லாத இடத்தில் கூரையைப் பற்றிப் பேசுவது வீண்பேச்சு.

எனினும், அடித்தளமே வீடாகிவிடாது என்பதையும் நாம் ஒப்புக்கொள்கிறோம். இதைச் சொல்ல நமக்கு அமெரிக்க அறிஞர் தேவையில்லை. நம் பாட்டன்மாரே சொல்லியிருக்கிறார்கள்.

சைக்கிளிலிருந்து இறங்க மறுத்தவர்கள்

1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை மூத்தோர் சொல்லக் கேட்டிருப்போம். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் முன்னணியில் நின்ற ஆர். எச். நாதன் பெயரும் நமக்குப் புதியதல்ல. சீனத் தொழிலாளருக்குக் கிடைக்கும் கூலி தமக்கும் வேண்டும் என்று நம்மவர் கேட்டனர். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். தோட்டங்களுக்குள் பட்டாளம் வந்தது, உயிர்கள் பலியாயின.

அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். கூலியோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி, முறையான மருத்துவ வசதி, பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்பு, கள்ளுக்கடைகளை மூடுதல், உறவினர் தடையின்றி வந்துபோகும் உரிமை, குறை சொன்னவர்களைப் பழிவாங்காமை ஆகியவற்றையும் கேட்டனர். அவற்றோடு மற்றொன்றையும் கேட்டனர். துரையோ தோட்ட உத்தியோகஸ்தரோ எதிரே வந்தால் சைக்கிளில் செல்லும் தொழிலாளி இறங்கி நிற்க வேண்டும் என்பது அக்கால வழக்கம். அவ்வழக்கம் ஒழிய வேண்டும், நாங்கள் சைக்கிளிலிருந்து இறங்கமாட்டோம் என்றனர்.

சைக்கிளிலிருந்து இறங்காமல் போவதால் யாருடைய சட்டைப்பைக்கும் ஒரு காசு கூட வராது. இருந்தும் கூலிக் கோரிக்கையோடு அதை ஒரே வரிசையில் வைத்தார்கள். பசியோடு இருந்த அந்த மக்களுக்கு, உழைப்பவன் மனிதனாக மதிக்கப்பட வேண்டும் என்பது சோற்றுக்குச் சமமாகத் தோன்றியது. "படிக்காத கூலிகள்" என்று ஏளனம் செய்யப்பட்டவர்கள், மேல்நாட்டு நூல் வெளிவருவதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே, கூலியும் வேண்டும் கௌரவமும் வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னார்கள். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்க எவருக்கும் அவர்கள் இடம் வைக்கவில்லை.

இன்று யாரும் யாரையும் சைக்கிளிலிருந்து இறங்கச் சொல்வதில்லை. ஆனால் பெரட்டில் தகப்பன் வயதுடையவரை இளைய மண்டோர் "ஏய்" என்று அழைக்கும் தோட்டங்கள் இன்றும் உண்டு. விடுப்பு கேட்க வந்த பெண்ணை ஆபீஸ் வாசலில் ஒரு மணி நேரம் நிறுத்திவைப்பதும் உண்டு. அந்த ஒரு சொல்லும் அந்த ஒரு மணி நேரமும், கைக்கடிகாரப் பரிசு பத்து கொடுத்தாலும் ஈடாகாத அளவுக்கு மனத்தை முறித்துவிடுகின்றன.

உளியின் கலை

ஒருவருக்கு வேலையில் உண்மையான நிறைவு எப்போது வருகிறது? தம் கைத்திறனைத் தாமே உணரும்போதும், பிறர் அதை அறிந்து மதிக்கும்போதும் வருகிறது. பால்வெட்டு கைத்திறன் தேவையில்லாத வேலை என்று எண்ணுவோர் ஒருநாள் உளியைப் பிடித்துப் பார்க்கட்டும்.

பட்டையில் பால் மிகுதியாக ஓடும் பகுதி உள்ளே, மரத்தை ஒட்டி இருக்கிறது. அதற்கும் உள்ளே, பட்டையை வளர்க்கும் மெல்லிய படலம் இருக்கிறது. உளி ஆழமாகப் போகாவிட்டால் பால் வராது. ஆழம் மிஞ்சினால் அந்தப் படலத்தில் காயம் படும். இரண்டுக்கும் இடையே விடவேண்டிய இடைவெளி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். இருட்டில், தலைவிளக்கின் ஒளியில், ஒரு நாளைக்கு ஐந்நூறு முறைக்கு மேல் இந்த அளவு தவறாமல் கை போகவேண்டும். சீவும் பட்டையின் கனமும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் நிற்கவேண்டும். சாய்வு மாறக்கூடாது. வெயில் ஏறுமுன், மரத்துக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும் விடியற்காலத்தில் வேலை முடிய வேண்டும். இவ்வளவும் தெரிந்தவர்தான் பால்வெட்டுத் தொழிலாளி.

காயம் பட்ட இடத்தில் பட்டை மேடுபள்ளமாக முளைக்கும். பல ஆண்டுகள் கழித்து அதே முகத்துக்கு உளி திரும்பும்போது அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. இருபத்தைந்து ஆண்டுகள் பால் தரவேண்டிய மரம் முன்னதாகவே ஓய்ந்துவிடும். ஆக, நல்ல தொழிலாளி ஒருவர் தோட்டத்துக்கு இரண்டு செல்வங்களைத் தருகிறார். ஒன்று இன்று வாளியில் வந்து சேரும் பால். மற்றொன்று நாளைக்கென்று மரத்தில் காத்துவைக்கும் பட்டை.

கூலி எதற்குக் கொடுக்கப்படுகிறது? வாளியில் வந்ததற்கு மட்டுமே. காத்த பட்டைக்குப் பெரும்பாலான தோட்டங்களில் கணக்கே இல்லை. மரத்தைக் காயப்படுத்தினால் கண்டிப்பு உண்டு. காயமில்லாமல் பத்து ஆண்டு காத்தால் ஒரு நல்ல வார்த்தையும் இல்லை. பட்டையைப் பாழாக்கி இன்று நான்கு கிலோ கூடக் கொண்டுவருபவர் "கெட்டிக்காரர்" என்று பெயரெடுக்கிறார். மரத்தைப் போற்றி வெட்டுபவர் "மெத்தனம்" என்று பேச்சு வாங்குகிறார். இப்படியிருக்க, வேலையின் தரம் ஏன் தாழ்ந்தது என்று நிர்வாகம் கேட்பது வேடிக்கையல்லவா?

தோட்டத்துப் பெற்றோர் பலர், "என் பிள்ளை இந்த உளியைத் தொடக்கூடாது" என்கிறார்கள். பிள்ளை படித்து வேறு தொழிலுக்குப் போவதை நாமும் விரும்புகிறோம், வாழ்த்துகிறோம். ஆனால் அச்சொல்லில் ஒரு தீர்ப்பும் அடங்கியிருக்கிறது. தச்சரின் மகன் தச்சரானால் அதைக் குறைவாக யாரும் எண்ணுவதில்லை. இத்தனை நுட்பமான நம் தொழிலை மட்டும் தண்டனையாகக் கருதும்படி ஆக்கியது யார்? ஆள் கிடைக்கவில்லை என்று அங்கலாய்ப்போர் இக்கேள்விக்கு விடை தேடவேண்டும்.

தராசின் முன்னால்

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமாக நாம் கருதுவதைச் சொல்லுகிறோம். தோட்டத்தில் ஊக்கம் பிறப்பதும் சாவதும் ஸ்டோரில், தராசின் முன்னால்தான்.

பால் நிறுக்கப்படுகிறது. அதில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று பார்க்கப்படுகிறது. மெட்ரோலாக் என்னும் மிதவையை விட்டுப் பார்ப்பது ஒரு முறை. மாதிரி எடுத்து உறையவைத்து, அழுத்திக் காயவைத்து நிறுப்பது மற்றொரு முறை. கிடைத்த விழுக்காட்டைப் பாலின் எடையோடு பெருக்கினால் உலர்ந்த ரப்பரின் எடை வரும். எடைக்கூலி கொடுக்கும் இடத்தில் அதற்கே கூலி.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒருவர் முப்பது கிலோ பால் கொண்டுவருகிறார். நூற்றுக்கு 35 என்று எழுதினால் உலர்ந்த ரப்பர் 10.5 கிலோ. நூற்றுக்கு 32 என்று எழுதினால் 9.6 கிலோ. பேனாவின் ஒரு கோட்டில் 0.9 கிலோ வேறுபாடு. இருபத்தைந்து நாள் வேலையானால் 22.5 கிலோ! இரண்டு நாளைக்கு மேற்பட்ட உழைப்பு ஓர் எண்ணில் கரைந்துபோகிறது.

விழுக்காடு நாளுக்கு நாள் மாறுவது இயற்கை. மரத்தின் வகை, வயது, பருவம், மழை, மருந்து தடவிய நாள் ஆகியவற்றால் அது ஏறும், இறங்கும். ஆகையால் குறைந்த எண் எல்லாம் மோசடி என்று நாம் கூறவில்லை. நாம் கூறுவது வேறு. அந்த எண் எப்படி வந்தது என்று தொழிலாளிக்குத் தெரியாத இடத்தில், நேர்மையான எண்ணும் சந்தேகத்துக்கு ஆளாகிறது. சந்தேகம் குடிபுகுந்த மனத்தில் ஊக்கம் தங்காது. "எவ்வளவு கொண்டுவந்தாலும் இவர்கள் எழுதுவதுதானே கணக்கு" என்று ஒருவர் நினைக்கத் தொடங்கிய அன்றே அவர் உளி மழுங்கிவிடுகிறது. உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று நம் முன்னோர் சலிப்போடு சொன்னார்கள். உழுகிறவன் கணக்குப் பார்க்கட்டும் என்று சொல்வதற்குத்தான் சங்கம் தோன்றியது.

கூலி எப்படிக் கணக்கிடப்பட்டது என்ற விவரத்தைத் தொழிலாளிக்குத் தரவேண்டியது முதலாளியின் கடமை. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் கீழ் 1957-ஆம் ஆண்டில் வந்த ஒழுங்குவிதிகளே அதை வற்புறுத்துகின்றன. ஆகவே நாம் கேட்பது சலுகை அன்று.

கிராணிமாருக்கு ஒரு வார்த்தை

அந்த எண்ணை எழுதும் பேனா யார் கையில் இருக்கிறது? கிராணிமார் கையில். அவர்களுள் ஒருவராகவே இதை எழுதுகிறோம்.

தோட்டக் கிராணியின் வேலையிலும் மனநிறைவு குறைந்துதான் வருகிறது. முன்பு செக்குரோல் எழுதிக் கணக்கு முடிப்பதில் ஒரு தொழிற்பெருமை இருந்தது. இன்று கணினியில் எண்களைத் தட்டி அனுப்புகிறோம். முடிவுகள் எங்கோ தலைமை அலுவலகத்தில் எடுக்கப்படுகின்றன. கேள்வி கேட்கும் தொழிலாளி மட்டும் நம் மேசைக்கு முன்னால் நிற்கிறார். மேலே உள்ளவரின் கோபத்துக்கும் கீழே உள்ளவரின் மனத்தாங்கலுக்கும் நடுவே அரைபடுவது கிராணியின் தலையெழுத்து என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள்.

அந்தச் சலிப்பு நியாயமானதே. ஆயினும் 1941-ஆம் ஆண்டுக் கோரிக்கையை மறுபடியும் நினைவூட்ட விரும்புகிறோம். சைக்கிளிலிருந்து இறங்கமாட்டோம் என்று தொழிலாளர் சொன்னது வெள்ளைத் துரைமாருக்கு மட்டும் அன்று. ஆசிய உத்தியோகஸ்தருக்கும் சேர்த்தே சொன்னார்கள். கிராணிமாருக்குச் சங்கம் வேறு, தொழிலாளருக்குச் சங்கம் வேறு என்று அமைப்புகள் தனித்தனியே வளர்ந்தன. அதனால் மனங்களும் தனித்தனியே இருக்கவேண்டிய அவசியமில்லை. தராசின் முள்ளைத் தொழிலாளியின் பக்கம் திருப்பிவைத்து, "பாருங்கள் அக்கா, இன்றைக்கு முப்பத்திரண்டு வந்திருக்கிறது, நேற்றிரவு மழையல்லவா" என்று விளக்கிச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அதற்கு எந்தத் தலைமை அலுவலகத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. அப்படிச் செய்யும் கிராணிக்கு, தம் பேனா நேர்மையான பேனா என்று ஊரார் சொல்லும் ஒரு பெயர் கிடைக்கும். உத்தியோகத்தில் அதைவிடப் பெரிய மனநிறைவு எது?

நாம் கேட்பவை

ஊக்கம் பற்றி நிர்வாகங்கள் உண்மையாகவே கவலைப்படுமானால், பின்வருவனவற்றை நடைமுறைப்படுத்தட்டும்.

ஒன்று: எடையையும் விழுக்காட்டையும் அன்றன்றே ஸ்டோரின் பலகையில் எழுதிவைக்க வேண்டும். இன்று நம் பக்கத்து நிரையில் வெட்டுபவர் இந்தோனேசியராகவும் வங்காளதேசத்தவராகவும் இருக்கக்கூடும். அவரும் படித்தறியும் மொழியில் கூலி விவரம் தரப்பட வேண்டும். அவர் ஏமாற்றப்படும் தராசு நம்மையும் ஏமாற்றத் தயங்காது.

இரண்டு: மாதிரி எடுப்பதையும் நிறுப்பதையும் பார்வையிடத் தொழிலாளரே தேர்ந்தெடுத்த பிரதிநிதி ஒருவரை அனுமதிக்க வேண்டும்.

மூன்று: மரங்களைச் சோதனை செய்யும்போது குற்றத்தை மட்டும் எழுதாமல் திறமையையும் எழுத வேண்டும். பட்டையைக் காத்து வெட்டுவோருக்கு மாதந்தோறும் அதற்கென ஒரு தொகை கொடுக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் கைக்கடிகாரம் தருவதைவிடத் தகுதியுடைய எல்லோருக்கும் உரியதைத் தருவதே முறை.

நான்கு: நிரை பிரிப்பது, மழை நாளில் மாற்று வேலை தருவது, மருந்து தடவும் முறை ஆகியவற்றை முடிவு செய்யுமுன் தொழிலாளரைக் கலந்து பேச வேண்டும். முப்பது ஆண்டு அந்த மரங்களோடு வாழ்ந்தவருக்கு அவற்றைப் பற்றிச் சொல்லச் செய்தி இராதா?

ஐந்து: பெரட்டில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, வயதுக்குரிய மரியாதையுடன் அழைக்க வேண்டும். இதற்கு நிர்வாகத்துக்கு ஒரு காசு செலவில்லை.

நம் உறுப்பினர்களுக்கும் கடமைகள் உண்டு. கூலிச் சீட்டை மடித்துப் பையில் வைக்காமல் படித்துப் பார்க்க வேண்டும். படிக்க இயலாதவர் படித்த பிள்ளையிடம் கொடுத்துக் கேட்க வேண்டும். பாலில் தண்ணீர் கலப்பதும், எடைக்காக மண்ணையும் பட்டையையும் ஒட்டுப்பாலில் சேர்ப்பதும் நம் கோரிக்கையின் பலத்தை நாமே குறைத்துக்கொள்ளும் செயல்கள். நேர்மையான தராசைக் கேட்பவரின் வாளியும் நேர்மையாக இருக்க வேண்டும். புதிதாக வந்த இளைஞருக்கு உளி பிடிக்கும் பக்குவத்தைச் சொல்லிக்கொடுப்பதை மூத்தவர்கள் ஒரு பெருமையாகக் கொள்ள வேண்டும். கிளைக் கூட்டத்துக்கு வராமல் வீட்டில் இருந்துகொண்டு முணுமுணுப்பதால் எந்த எண்ணும் மாறாது.

ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன; பல வீட்டு மனைகளாகிவிட்டன. நாட்டின் ரப்பரில் மிகப் பெரும்பங்கு இன்று சிறுதோட்டக்காரர் கையிலிருந்து வருகிறது. எஞ்சியுள்ள தோட்டங்களில் எஞ்சியுள்ள நல்ல கைகளை இழக்காமல் காக்க வேண்டுமானால், காலம் தாழ்த்த நேரமில்லை. நிர்வாகங்கள் ஊக்கத்தை நகரத்து ஹோட்டலில் தேடவேண்டாம். அது நாள்தோறும் விடியுமுன் பெரட்டுக் களத்துக்கு நடந்தே வருகிறது. அதற்கு உரிய கூலியும் ஒழுங்கான தராசும் மரியாதையான வார்த்தையும் கொடுத்துப் பார்க்கட்டும். கொடுக்கத் தயங்கும் இடத்தில், கேட்டுப் பெறுவதற்குச் சங்கம் இருக்கிறது.

அடுத்த கிளைக் கூட்டத்தில், நம் தோட்டத்துத் தராசைப் பற்றி ஒவ்வொரு கிளையும் ஒரு தீர்மானம் கொண்டுவரட்டும். உளி பிடிக்கும் கையும் பேனா பிடிக்கும் கையும் அத்தீர்மானத்தில் சேர்ந்தே உயரட்டும்!